தோலின் பெயரால் ஓர் ஊர்

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்ரயிலில் பரங்கிமலையைத் தாண்டியபின் வரும் நிலையங்களின் பெயர்களைக் கவனித்துக்கொண்டே போனால், தொண்டை மண்டலத்தின் பழைய நிலவியல் பாடம் ஒன்றைப் படித்த மாதிரி இருக்கும். பழவந்தாங்கல்: தாங்கல் என்றால் மழைநீரைத் தேக்கி வைக்கும் சிறு ஏரி. மீனம்பாக்கம்: பாக்கம் என்பது சங்க நூல்களில் பெரும்பாலும் கடற்கரை ஊர், பின்னர் இந்தப் பகுதியில் உள்நாட்டு ஊர்களுக்கும் அதுவே பெயராயிற்று. திரிசூலம்: குன்றுகளுக்கு நடுவே சோழர் காலக் கோயில் இருக்கும் ஊர். பல்லாவரம்: பல்லவபுரம் என்பதன் மருவு. அடுத்து ஒலிபெருக்கி குரோம்பேட்டை என்கிறது. அதற்கும் அடுத்தது தாம்பரம் சானடோரியம், 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையின் பெயர்.

நீரும் மலையும் மன்னரும் தந்த பெயர்களுக்கு நடுவே ஓர் உலோகத்தின் பெயர் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் வளர்ந்தது அந்த ஊரில். ராதா நகரில் எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்கள், அழைப்பிதழ்கள், மின்வாரிய அட்டை, ரேஷன் அட்டை எல்லாவற்றிலும் இந்தச் சொல் இருந்தது. அதன் பொருளை வீட்டில் யாரும் கேட்டதில்லை, சொன்னதும் இல்லை. தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த எழுத்தில் பெரும்பகுதி கல்வெட்டும் பாசுரமும் உள்ள ஊர்களைப் பற்றியது. நூறாண்டு மட்டுமே வயதான பெயர்களை ஆராய்ச்சிக்குரியவையாக நாம் எண்ணுவதில்லை. குரோம்பேட்டை என்ற பெயரை நான் எடுத்துக்கொள்வது அந்தக் குறையால்தான். இந்தப் பெயரில் கிரேக்கம், பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் நான்கும் சந்திக்கின்றன. அதைவிட முக்கியம், சென்னையின் புறநகர் நடுத்தர வர்க்கம் தன் வீட்டு முகவரியில் தினமும் எழுதிக்கொண்டே மறந்துபோன ஓர் உழைப்பின் பெயர் இது.

பின்பாதியிலிருந்து தொடங்குவது எளிது. பேட்டை என்ற சொல் தெலுங்கில் பேட்ட, கன்னடத்தில் பேட்டெ, மராத்தியில் பேட் என்று தென்னாடு முழுவதும் பரவிக் கிடக்கிறது. கோட்டைக்கு வெளியே, மதிலை ஒட்டி வளரும் குடியிருப்பும் சந்தையும்தான் அதன் முதற்பொருள். கோட்டைக்குள் அரசும் படையும். கோட்டைக்கு வேண்டியதைச் செய்து கொடுப்பவரும் விற்பவரும் வெளியே, பேட்டையில். அதாவது பேட்டை என்றாலே புறநகர்தான். அதற்கு முன்னால் தமிழில் புறஞ்சேரி என்ற சொல் இருந்தது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஒரு காதையின் பெயரே புறஞ்சேரி இறுத்த காதை. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையுமுன் தங்கிய இடம் அது. புறஞ்சேரி போய்ப் பேட்டை வந்தது. பேட்டைக்குப் பின் புறநகர் வந்தது. சொற்கள் மாறினாலும் மதிலுக்கு வெளியே என்ற கருத்து மாறவில்லை.

ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்டியபின் பேட்டைகள் பெருகின. முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை, வண்ணாரப்பேட்டை என ஆளின் பெயரோ தொழிலின் பெயரோ முன்னால் வரும். நெசவாளர்களுக்கென்றே 1734-ஐ ஒட்டி, ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளையும் இடத்தில் ஓர் ஊர் அமைத்தார்கள். சின்னத் தறிப்பேட்டை என்ற அந்தப் பெயர்தான் வாய்வழக்கில் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பது பலரும் ஏற்கும் விளக்கம். வண்ணாரப்பேட்டையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்களின் குடியிருப்பு. நூற்றவர், நெய்தவர், வெளுத்தவர் எல்லாம் தனித்தனிப் பேட்டைகளில் குடியமர்ந்தார்கள். ஆக, குரோம்பேட்டைக்காரர் ஒருவர் தம் ஊர்ப்பெயருக்கு உறவு தேட வேண்டிய இடம் பக்கத்திலுள்ள பல்லாவரம் அல்ல. பதினைந்து இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிந்தாதிரிப்பேட்டையும் வண்ணாரப்பேட்டையும்தான். மூன்றும் கைத்தொழிலின் பெயரைத் தாங்கியவை. முதலிரண்டும் துணியின் பேட்டைகள். மூன்றாவது தோலின் பேட்டை.

இனி முன்பாதி. குரோம் என்பது குரோமியத்தின் சுருக்கம் என்று பள்ளியில் வேதியியல் படித்த யாருக்கும் தெரியும். ரஷ்யாவின் உரால் மலைச் சுரங்கங்களில் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த ஈயத்தாது ஒன்று கிடைத்துவந்தது. 1797-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி நிக்கோலா வோக்லான் அந்தத் தாதுவில் ஒரு புதிய தனிமத்தைக் கண்டார். அதன் சேர்மங்கள் மஞ்சள், சிவப்பு, பச்சை, ஊதா என்று ஒவ்வொன்றும் ஒரு நிறமாக இருந்தன. மரகதத்தின் பச்சைக்கும் மாணிக்கத்தின் சிவப்புக்கும் அதுவே காரணம் என்பதும் தெரியவந்தது. ஆகவே நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான குரோமாவிலிருந்து தனிமத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

பெரும்பாலான அகராதிகள் இங்கே நின்றுவிடும். இன்னும் ஒரு படி கீழே இறங்கினால்தான் நமக்கு வேண்டியது கிடைக்கும். கிரேக்கத்தில் குரோமா முதலில் பொதுவான நிறத்தைக் குறிக்கவில்லை. மனித உடம்பின் மேற்பரப்பை, மேனியை, மேனியின் நிறத்தைக் குறித்தது. அதன் வேரான குரோஸ் என்ற சொல்லுக்குத் தோல் என்றே பொருள். தோல், தோலின் நிறம், பின்பு எல்லாப் பொருள்களின் நிறம் என்று பொருள் விரிந்து போயிருக்கிறது. தமிழில் மேனி என்ற சொல்லும் உடம்பையும் குறிக்கிறது, நிறத்தையும் குறிக்கிறது. எனவே இந்த விரிவு நமக்கு அந்நியமாகத் தோன்றாது. தோலைக் குறித்த ஒரு வேரிலிருந்து நிறத்துக்குச் சொல் வந்தது. நிறத்திலிருந்து உலோகத்துக்குப் பெயர் வந்தது. அந்த உலோகத்தின் உப்பு மறுபடியும் தோலுக்கே மருந்தாக வந்து சேர்ந்தது. பெயர் வைத்த பாரிஸ் அறிஞர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. சொல் தன் போக்கில் ஒரு சுற்றுச் சுற்றிப் பல்லாவரத்துக்குத் தெற்கே வந்து இறங்கியது.

மருந்து என்று நான் சொன்னது பதனிடுதலை. உரித்த தோல் அப்படியே கிடந்தால் அழுகும், காய்ந்தால் பலகையாகும். அதை அழியாத, வளையும் பொருளாக மாற்றுவதே பதனிடுதல். தமிழ்நாட்டில் அதற்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இருந்தன. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்த தோலுக்கு அழகான வெளிர்மஞ்சள் நிறம் வரும். கிழக்கிந்தியப் பதனிடல் என்ற பெயரில் அது இங்கிலாந்துச் சந்தையில் புகழ்பெற்றிருந்தது. பெரியமேட்டுத் தோல் மண்டிகள் வளர்ந்தது அந்த வாணிகத்தால். ஆனால் பட்டைச் சாறு தோலுக்குள் இறங்க வாரக்கணக்கில் ஆகும். மேலும் அப்படிப் பதனிட்ட தோல் நீரில் நெடுநாள் கிடந்தால் கெடும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மனியில் பிரீட்ரிக் நாப், அதன்பின் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ், மார்ட்டின் டென்னிஸ் ஆகியோர் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையைப் படிப்படியாக உருவாக்கினார்கள். குரோமியம் தோலின் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். தோல் நீலம் கலந்த வெளிர்பச்சையாக மாறும். வாரங்கள் எடுத்த வேலை ஓரிரு நாளில் முடியும். கொதிநீரில் போட்டாலும் அந்தத் தோல் சுருங்காது.

நீரில் கெடாது என்ற அந்த ஒரு குணம்தான் குரோமைச் சென்னைக்கு அழைத்து வந்தது என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம். இப்போது அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கும் அன்றைய சென்னைக் கலைப்பள்ளியின் பொறுப்பில் இருந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். பொறியாளர். அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே வேரூன்றச் செய்தவர்களில் அவர் முதன்மையானவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் குரோம் பதனிடலைச் சோதிக்கத் தொடங்கினார். அவருடைய எண்ணம் சீமைக்குக் காலணி அனுப்புவதில் தொடங்கவில்லை; நம் ஊர்க் கிணற்றில் தொடங்கியது. வட மாவட்டங்களில் கவலை என்றும் தெற்கே கமலை என்றும் சொல்லும் நீரிறைப்பில், இரண்டு மாடுகள் சரிவில் இறங்க இறங்கக் கிணற்றிலிருந்து பெரிய தோல் பை ஒன்று நீரோடு மேலே வரும். நாள் முழுவதும் நீரிலேயே கிடக்கும் அந்தத் தோல் சீக்கிரம் இற்றுப்போகும். உழவருக்கு அது ஓயாத செலவு. குரோம் தோலால் அந்தப் பையைச் செய்தால் நெடுங்காலம் உழைக்கும் என்று சாட்டர்டன் கண்டார். கவலை இறைக்கும் குடியானவனின் சால்தான் சென்னையில் குரோம் தோலின் முதல் வாடிக்கை.

அரசே முன்னின்று புதுத் தொழில்களை வளர்க்க வேண்டும் என்பது சாட்டர்டனின் கொள்கை. 1908-இல் உதகமண்டலத்தில் நடந்த தொழில் மாநாடும் அந்தத் திசையில்தான் பேசியது. சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்களுக்கு அது கசந்தது. 1910-இல் இந்தியச் செயலர் மார்லி பிரபு, அரசு தொழிற்சாலை நடத்துவதும் தனியாரோடு போட்டியிடுவதும் ஆகாது என்று எழுதிவிட்டார். அரசின் குரோம் பதனிடும் ஆலை கைமாறிப்போயிற்று. ஆனால் கற்ற வித்தை ஊரை விட்டுப் போகவில்லை. 1910களின் தொடக்கத்தில் ஜி. ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் பல்லாவரத்தை ஒட்டிய வெளியில் குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அருகிலேயே தென்னிந்திய ரயில்வேயின் தண்டவாளம். செங்கல்பட்டுச் சாலையும் பக்கத்தில். அன்றைக்கு அந்த வெளியில் ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆலையைச் சுற்றித் தொழிலாளர் குடியேறினார்கள். குரோம் கம்பெனிப் பேட்டை குரோம்பேட்டை ஆயிற்று. சேம்பர்ஸின் பெயரும் ஊரில் தங்கியது: சேம்பர்ஸ் காலனி.

முதலாளியின் பெயர் ஒரு காலனிக்குப் போயிற்று, தொழிலின் பெயர் முழு ஊருக்கும் ஆயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். திருவொற்றியூர் அருகே காலடிப்பேட்டை இருக்கிறது. கேட்டால் யாரோ மகானின் காலடி பட்ட இடம் போலத் தோன்றும். உண்மையில் அது 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளருக்காக அமைத்த ஊர். காலெட்பேட்டையைத் தமிழ்க் காது காலடிப்பேட்டை என்று கேட்டுக்கொண்டது. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாகக் கேட்பது மொழியின் இயல்பு. சேம்பர்ஸ்பேட்டை என்று வைத்திருந்தால் அதுவும் இந்நேரம் வேறெதுவாகவோ திரிந்திருக்கலாம். குரோம் அப்படித் திரியவில்லை. கம்பெனிக்காரர்கள் நாள்தோறும் கையாண்ட சொல் அது. தொழில் நடந்த காலம் முழுவதும் அதன் பொருள் அங்கே வேலை செய்தவர்களுக்குக் கண்முன் நின்றது. உயிரோடிருக்கும் பொருளுக்குப் புதுக்கதை கட்ட வேண்டியதில்லை.

திரியாவிட்டாலும் தமிழாகியிருக்கிறது. தமிழில் இரண்டு மெய்கள் சேர்ந்து ஒரு சொல் தொடங்காது. இடையில் ஓர் உயிர் வந்து பிளக்கும். அது எந்த உயிர் என்பதற்கும் ஒரு முறை உண்டு. கிரகம், கிராமம், கிரீடம் என்று வரும்போது இகரம் நுழைகிறது. குரூரம், குரோதம் என்று வரும்போது உகரம் நுழைகிறது. பின்னால் வரும் ஊகார ஓகாரங்கள் உதட்டைக் குவிப்பதால் முன்னால் வருவதும் குவிகிறது. எங்கள் வீட்டு மதிலோரம் வைத்திருந்த செடிக்கும் இதே முறையில்தான் குரோட்டன்ஸ் என்று பெயர் வந்தது. குரோம், குரோட்டன்ஸ் இரண்டும் ஒரே வாசல் வழியாகத் தமிழுக்குள் வந்தவை. சந்தியும் இடறவில்லை. சைதாப்பேட்டையிலும் ராயப்பேட்டையிலும் பகரம் இரட்டிக்கிறது. தேனாம்பேட்டையில் மகரம் நிற்கிறது. தேனாம்பேட்டை என்று ஏற்கெனவே சொல்லிப் பழகிய நாவுக்குக் குரோம்பேட்டை தடையில்லாமல் வந்தது. பேருந்து நடத்துநர் குரலில் அது குரோம்பேட்ட. முதல் உகரம் பாதி விழுங்கப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் இன்றுவரை ஒருமை இல்லை. சிலர் நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதுகிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே தெருவில் இரண்டு கடைப்பலகைகளில் இரண்டு விதமாகவும் பார்க்கலாம். தமிழ் எழுத்தில் அந்தக் குழப்பம் இல்லை.

பெயர் புதியது என்பதால் நிலமும் புதியதாகிவிடாது. ஆலை எழுந்த வெளியின் வடக்கெல்லையாகிய பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலாளர் செம்மண் சரளையில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பதை உலகம் அறிந்தது அந்தக் கல்லால். அதே பல்லாவரத்துக் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. அவனுடைய விருதுப் பெயர்களை அங்கே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இப்போது அது முஸ்லிம்களின் வழிபாட்டிடம். பல்லவபுரம் பல்லாவரம் ஆனதும் நாவின் வேலைதான். காஞ்சிபுரம் காஞ்சீவரம் என்று வழங்கிய காலமும் உண்டு அல்லவா? இரண்டு உயிர்களுக்கு நடுவே பகரம் தளர்ந்து வகரமாகிறது. வேடிக்கை என்னவென்றால் நகராட்சி தன் பலகையில் பல்லவபுரம் என்றே எழுதிவந்தது. ஊரார் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

மேற்கே போனால் நாகல்கேணி, பம்மல். பம்மல், தமிழ் நாடகத்துக்கு மதிப்புத் தேடித் தந்த சம்பந்த முதலியாரின் ஊர். நாகல்கேணியிடம் சற்று நிற்க வேண்டும். கேணி என்றால் கிணறு, சிறு குளம். திருவல்லிக்கேணியில் அல்லி பூத்த கேணி. இங்கே நாகல் என்பது நாவல் மரமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நாவற்பழத்தை நாகப்பழம் என்று சொல்வது பேச்சுத் தமிழில் எங்கும் உண்டு. நாவல் மர நிழலில் ஒரு கிணறு. நல்ல நீருக்குப் பேர் போன இடத்துக்குத்தான் அப்படிப் பெயர் வைத்திருப்பார்கள்.

அந்தக் கேணியின் ஊரில்தான் பின்னாளில் தோல் பதனிடும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. குரோம் லெதர் காட்டிய வழியில் சிறிதும் பெரிதுமாகப் பல. பதனிடும் வேலைக்கு நீர் ஏராளமாக வேண்டும். உப்பைக் கழுவ, சுண்ணாம்பில் ஊறவைத்து முடியை நீக்க, சதையைச் சுரண்டிய பின் அலச, டிரம்மில் குரோமோடு உருட்ட எல்லாவற்றுக்கும் நீர்தான். அத்தனை நீரும் உப்பும் குரோமியமும் சுமந்து வெளியே வரும். கால்வாயிலும் ஏரியிலும் விட்டது நிலத்துக்குள் இறங்கியது. நாகல்கேணி, பம்மல் பக்கத்துக் கிணறுகளில் நீர் உவர்ப்பேறியது, சில இடங்களில் நிறம் மாறியது. நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை அளந்து எழுதியிருக்கிறார்கள். வேலூர் மாவட்டத்து மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அது கட்டுப்படுத்திய ஐந்து மாவட்டங்களில் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று. கழிவுநீரைச் சுத்திகரிக்க வசதி செய்யாத ஆலைகளை மூட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. சட்டப் புத்தகங்களில் வேலூர் என்ற பெயரால் வழங்கும் அந்தத் தீர்ப்பில் எங்கள் பக்கத்துக் கிணறுகளும் அடங்கும். பல ஆலைகளுக்கும் பொதுவான சுத்திகரிப்பு நிலையம் நாகல்கேணிப் பகுதியில் வந்ததும் அந்தப் பத்தாண்டுகளில்தான். ஒரு பெயர் தோலைக் காத்த உப்பைச் சொல்கிறது. அரை மணி நடையில் இருக்கும் இன்னொரு பெயர் அந்த உப்பு கெடுத்த கிணற்றைச் சொல்கிறது. இரண்டு பெயர்களையும் சேர்த்துப் படித்தால்தான் வரலாறு முழுமையாகும்.

தண்டவாளத்துக்குக் கிழக்கே நாங்கள் குடியிருந்த பக்கத்தில் கதை வேறு. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்ரயில் ஓடத் தொடங்கியது. கோட்டையிலும் பாரிமுனையிலும் வேலை பார்ப்பவர் நகருக்கு வெளியே வீடு கட்டிக்கொள்ளலாம் என்ற துணிவு அதிலிருந்து வந்தது. 1949-இல் சி. ராஜம் தம் பெரிய வீட்டை விற்ற பணத்தை முதலாக வைத்துக் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினார். ஒரு வீடு கல்லூரியான கதை அது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் அங்கே படித்தவர்கள். அதன்பின் வயல்களும் மானாவாரிக் காடுகளும் மனைகளாகப் பிரிந்தன. ராதா நகர், நேரு நகர், லட்சுமிபுரம், நியூ காலனி. குரோம் கம்பெனியால் வந்த ஊர் குமாஸ்தாக்களின் ஊராக மாறத் தொடங்கியது.

நகர் என்ற சொல்லின் கதை இங்கே குறுக்கிடுகிறது. சங்க நூல்களில் நகர் என்பது பெரும்பாலும் ஊர் அல்ல, வீடு. செல்வர் மனை, அரசன் மாளிகை, சில இடங்களில் கோயில். தலைவி காத்திருக்கும் வளமான வீடும் நகர்தான். அந்தச் சொல் பின்னாளில் விரிந்து பெருநகரத்தைக் குறித்தது. 20-ஆம் நூற்றாண்டில் மனை வணிகர் கையில் அது மறுபடியும் சுருங்கியது. நாற்பது ஐம்பது வீட்டு மனைகளுக்குக் கல் நட்டு, நடுவில் மண்சாலை போட்டு, ஒரு பெயர்ப்பலகை வைத்தால் அது ஒரு நகர். வீட்டைக் குறித்த சொல் ஈராயிரம் ஆண்டு கழித்து வீட்டு மனைகளிடமே திரும்பியிருக்கிறது.

மனை என்ற சொல்லும் அப்படியே. இல், மனை, அகம், வீடு என்று தமிழில் குடியிருப்புக்குச் சொற்கள் பல. அவற்றில் மனை ஒன்றுதான் அளவையாகவும் ஆயிற்று. சென்னைப் பக்கத்துக் கணக்கில் 24 மனை ஒரு காணி. ஒரு மனைக்கு 2,400 சதுர அடி. அதனால் காணிக்கு 57,600 சதுர அடி. அந்த மனையைத்தான் ஆங்கிலேயர் கிரவுண்ட் என்று எழுதினார்கள். இன்றும் சென்னையைத் தாண்டிப் போனால் கிரவுண்ட் என்று நிலம் பேசுபவர் குறைவு, அங்கெல்லாம் சென்ட். என் தந்தை வாங்கியது ஒரு கிரவுண்ட். பெரியப்பா இரண்டு வாங்கச் சொன்னாராம், கையில் பணம் இல்லை. 60 அடிக்கு 40 அடி. முன்னால் சிட்அவுட், சிவப்பு ஆக்சைடு தரை, கூடம், இரண்டு அறை, பின்னால் கிணறும் துவைக்கும் கல்லும், இரண்டு தென்னை, ஒரு முருங்கை. திண்ணை இல்லை. திண்ணை ஊரோடு நின்றுபோன சொல். வழிப்போக்கருக்கு இடம் தந்த திண்ணையை விட்டுவிட்டு மதிலுக்கும் கேட்டுக்கும் பின்னால் சிட்அவுட்டை அமைத்துக்கொண்டார்கள் புறநகர்க்காரர்கள். மதில்தூணில் மொசைக்கில் பதித்த இல்லப் பெயர். எங்கள் தெருவில் தெய்வத்தின் பெயரோ தாயின் பெயரோ, பின்னொட்டாக இல்லம், நிலையம், நிவாஸ், பவனம். பாடுபட்டுக் கட்டிய வீட்டுக்கு அன்போடு வைத்த பெயர்கள் அவை. நான் அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தத் தெருக்களின் பெயர்களில் கடவுளர் உண்டு, தலைவர்கள் உண்டு, தமிழ்ப் புலவர்கள் உண்டு. தோல் வேலை செய்தவர் என் கண்ணில் பட்டதில்லை. தோலைத் தொடும் வேலையைத் தமிழ்ச் சமூகம் எந்தச் சாதிகளிடம் தள்ளிவிட்டு, பின்பு அந்த வேலையையே காரணம் காட்டி எப்படி ஒதுக்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்புக் குழியில் முழங்கால் வரை நின்று தோலைப் புரட்டியவர்களின் பிள்ளைகளோடு நான் ஒரே பள்ளியில் படித்தேன். மேற்குக் காற்று வீசும் மாலைகளில் எங்கள் வீட்டில் ஜன்னலை மூடுவார்கள். கம்பெனி நாற்றம் என்பார் அத்தை. அந்தக் கம்பெனியின் பெயர்தான் தம் முகவரியில் இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு இருந்ததில்லை. குரோம் என்றால் சைக்கிள் ஹேண்டில்பாரில் பளபளப்பது என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். தெருவிலிருந்த யாரும் அதைத் தவறென்று திருத்தவில்லை. ஊரார் விரும்பியிருந்தால் ஒரு கோயிலின் பெயரையோ தலைவரின் பெயரையோ இந்த ஊருக்குச் சூட்டியிருக்க முடியும். குமரன் குன்றத்து முருகன் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அப்படிப் பெயர் மாறாமல் போனதை நான் பெரும் பேறாக நினைக்கிறேன். நெசவுக்கும் வெளுப்புக்கும் இருக்கும் பேட்டை தோலுக்கும் இருக்கிறது என்பதற்குச் சென்னைப் பரப்பில் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இந்தப் பெயர் நின்றதற்கு அரசு ஆவணங்கள் காரணமல்ல. எங்கள் வீட்டுப் பத்திரத்தில் குரோம்பேட்டை வருவாய்க் கிராமமாக வரவில்லை. அங்கே இருப்பது ஜமீன் பல்லாவரம் கிராமமும் சர்வே எண்ணும்தான். கொஞ்சம் தள்ளி வீடு வைத்திருப்பவரின் பத்திரத்தில் நெமிலிச்சேரி இருக்கலாம். நகராட்சி பல்லவபுரம், சட்டமன்றத் தொகுதி பல்லாவரம். 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2021 நவம்பரில் பல்லவபுரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளைத் தாம்பரத்தோடு சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். ஆலை நின்றுபோய் வெகுகாலமாகிறது. கிராமமாகவும் இல்லாமல் நகராட்சியாகவும் இல்லாமல் இந்தப் பெயரைச் சுமந்தவை ரயில் நிலையம், தபால் நிலையம், பேருந்து நிறுத்தம் ஆகிய மூன்றும்தான். ரயில்வே அதை நிலையப் பலகையில் எழுதியது. தபால் துறை அதற்கு 600044 என்று ஓர் எண் கொடுத்தது. ஜி.எஸ்.டி. சாலையில் நடத்துநர்கள் கூவினார்கள். வந்திறங்கியவர்கள் அதையே ஊர் என்று கொண்டார்கள். ராதா நகரில் இப்போது தனி வீடுகள் இடிபட்டு அடுக்ககங்கள் எழுகின்றன. ஒரு மனையில் ஒரு குடும்பம் இருந்த இடத்தில் எட்டுக் குடும்பங்கள், ஒவ்வொருவருக்கும் பிரிபடாப் பங்கு முந்நூறு சதுர அடி. புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் வேறு மாவட்டத்தார், வேறு மாநிலத்தார். எங்கே இருக்கிறீர்கள் என்று ஊரிலிருந்து கேட்டால், ஜமீன் பல்லாவரம் என்றோ தாம்பரம் மாநகராட்சி என்றோ அவர்கள் சொல்வதில்லை. குரோம்பேட்டை என்கிறார்கள்.